தாண்டுகால் கசத்தின் அகலம்

இராஜபாளையத்தில் கருத்தையாவின் குடும்பத்துக்குத் தாண்டுகால் வீடு என்று பெயர். பாளையக்காரர் காலத்தில் வரி கொடுக்க மறுத்த அவருடைய பூட்டனாரைக் காவல்காரர்கள் மலைக்குள் துரத்திக்கொண்டு போனார்கள். அங்கே ஆறு பாறையைப் பிளந்துகொண்டு பாதாளத்தில் ஓடுகிற ஒரு கசம் குறுக்கிட்டது. பூட்டனார் ஒரே தாவில் அக்கரை போய்விட்டார். கோயில் கொடையில் முதல் பரிவட்டம் இன்றைக்கும் அந்த வீட்டுத் தலைக்குக் கட்டப்படுவது அந்தத் தாவலுக்காகத்தான்.

கசத்தைக் கருத்தையா பார்த்ததில்லை. அவர் அப்பாவும் பார்த்ததில்லை. அய்யனார் கோவிலுக்கும் மேலே, தேன் எடுப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும் தவிர யாரும் போகாத காட்டில் அது இருந்தது. பார்த்தால்தான் நம்புவோம் என்கிற குடும்பம் இல்லை அது.

சீமையில் வெள்ளைக்கார மகாராணி செத்த செய்தி வந்த வருஷம், மகன் கல்யாணத்தால் அதைப் பார்க்கவேண்டி வந்தது. பெண் ஸ்ரீவில்லிபுத்தூர் ராக்கப்பனின் மகள். அன்றைக்குத் துரத்தி வந்த காவல் தலைவரின் வம்சம் ராக்கப்பன். அந்தக் கசத்தின் இரு கரையிலும் நின்று, இனி நமக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது என்று முன்னோர் இருவரும் சத்தியம் செய்திருந்தார்கள். துரத்துகிற நேரத்தில் சம்பந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கக்கூடாது. மானமுள்ளவர்கள் எதையும் முன்கூட்டியே மறுத்து வைப்பார்கள்.

சத்தியம் செய்த இடத்திலேயே அதை முறிக்க வேண்டும், உச்சிப்பொழுதுக்குள் கரைக்குக் கரை தாம்பூலத் தட்டு மாற வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சம்பந்தம் பேசி முடித்த கடுக்காய் வியாபாரி சேக் முகைதீன் ராவுத்தர், தட்டை அக்கரைக்கு அனுப்புவதற்கென்று கமலைக் கிணற்று வடம் ஒன்றையே கொண்டுவந்தார். பூட்டனார் தாவிய அகலத்துக்குச் சாதாரணக் கயிறு எட்டுமா?

அய்யனார் கோவில்வரை ஒரே வண்டியில் வந்தார்கள். வண்டியைத் தென்கரையில் நிறுத்திவிட்டு, கருத்தையா ஆற்றைக் கடந்து வடகரை வழியாகத் தனியே ஏறினார். தட்டோடு ராக்கப்பனும் வடத்தைத் தோளில் சுற்றிய ராவுத்தரும் தென்கரை வழியாக ஏறினார்கள். முள் கிழித்து, அட்டை கடித்து, பாதி வேட்டியோடு கருத்தையா கசத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆழத்துக்குக் குறைவில்லை. கீழே தண்ணீர் இரைவது கேட்டதே தவிரக் கண்ணுக்குத் தெரியவில்லை. அகலம்தான் வேறு மாதிரி இருந்தது. எதிர்க்கரையில் ராக்கப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் காலையில் சாப்பிட்ட பூண்டுத் துவையல் கருத்தையாவின் மூக்கில் அடித்தது.

கருத்தையா அவர் வாயையே பார்த்தார். ராக்கப்பன் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். வீட்டுப் பெயரும் பரிவட்டமும் இந்தப் பிளவுக்குள் விழுந்துவிடும்.

ராக்கப்பன் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. கீழே பார்த்தார், எதிரே பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"அண்ணாச்சீ! நான் பேசுறது கேக்குதா?"

கருத்தையாவுக்குக் காது அடைத்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துரத்திப் போனவனைப் பிடிக்காமல் திரும்பியதில்லை, மனுஷப்பிறவி தாண்டமுடியாத அந்த ஒரு கசத்தைத் தவிர என்பதல்லவா ராக்கப்பன் வீட்டுப் பெருமை? தாவியவருக்கு எவ்வளவு அகலம் வேண்டுமோ, தாவாமல் திரும்பியவருக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

"லேசாக் கேக்குது!" என்று கருத்தையாவும் கத்தினார். "காத்து இழுத்துட்டுப் போகுது!"

"எம்புட்டு அகலம் பாத்தியளா!"

"கண்ணு கூசுது அண்ணாச்சி!"

ராவுத்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கு இப்படித் தொண்டையக் கிழிக்கிய? செத்த கைய நீட்டுனா தட்டு..."

"ராவுத்தரே, வடத்த எறிங்க!" என்றார் கருத்தையா.

"இந்தா, பிடிங்க." ராவுத்தர் நுனியை நீட்டினார்.

"நீட்டுனா எட்டுமாய்யா? எறியச் சொன்னேன்!"

ராவுத்தர் எறிந்தார். வடம் கருத்தையாவின் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டுபோய் அவருக்குப் பின்னால் புதருக்குள் விழுந்தது.

"வந்து சேந்துருச்சு! பாதித் தூரத்துல விழுந்துருமோன்னு பயந்துட்டேன்!"

கருத்தையா புதருக்குள் தலைப்பாகையைத் தேடும்போது, தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண்பிள்ளை வந்தாள். சுடலையம்மாள் என்று பெயர்.

"வழி விடுங்கய்யா."

"ஏட்டி, எங்க போற?"

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கமெல்லாம் போக முடியாது."

"நேத்துப் போனேனே?"

"நேத்து வேற."

சுடலையம்மாள் அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, கட்டு அசையாமல் ஒரு எட்டு வைத்து அக்கரையில் நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கருத்தையாவும் ராக்கப்பனும் வானத்தில் பருந்து பார்த்தார்கள். பருந்து இல்லை.

அவள் கட்டை இறக்கிப்போட்டு உட்கார்ந்தாள். "என்ன ராவுத்தரய்யா, கூத்தா?"

"நிச்சயதார்த்தம்மா" என்றார் ராவுத்தர்.

வடத்தின் இரு நுனிகளையும் இரு கரை மரங்களிலும் கட்டினார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பட்டு வைத்த தட்டைத் துண்டில் ஏந்தி வடத்தில் தொங்கவிட்டு ராவுத்தர் தள்ளினார். சறுக்கி வரவேண்டிய தட்டு நட்டநடுவில் நின்று சாய்ந்தது. தேங்காய் உருண்டு விழுந்தது. அது விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்தே மேலே வந்தது. பிறகு பாக்கு. அடுத்து விழவேண்டியது பட்டு. தட்டே விழுந்தால் கல்யாணமும் அதோடு போய்விடும்.

கருத்தையாவின் வலக்கை தானாக எழுந்தது. அதை இடக்கையால் பிடித்து நிறுத்திக்கொண்டார். எட்டி எடுத்துவிட்டால் பூட்டனார் தாவியதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். எதிரே ராக்கப்பன் இரு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். பட்டு விளிம்புக்கு நழுவியது. இருவரும் கண்களை இறுக மூடிக்கொண்டார்கள்.

"அய்யய்யோ, பட்டு போகுதே!" என்று சுடலையம்மாள் எழுந்தாள். தட்டைத் துண்டோடு பிடுங்கினாள். "யாரு வீட்டுக்கு?" ராவுத்தர் கருத்தையாவைக் காட்டினார். அவள் ஒரு எட்டு வைத்து, தட்டை அவர் நெஞ்சோடு அழுத்திவிட்டுத் திரும்பிப்போய் விறகைத் தூக்கிக்கொண்டாள்.

கருத்தையா கண்ணைத் திறந்தார். "சம்மந்தீ! வடம் கொண்டாந்து சேத்துருச்சு!"

"சேந்துருச்சா? இங்கருந்து ஒண்ணும் தெரியல சம்மந்தீ!"

ராவுத்தர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "வண்டி இந்தக் கரையிலதான் நிக்குது. இங்கனயே ஒரு எட்டு வச்சு வந்துருங்க. கீழ போய்ச் சுத்துனா பொழுது சாஞ்சிரும்."

"ராவுத்தரே, எங்க வம்சத்துல ஒருத்தர் தாண்டுனது ஏழு தலைமுறைக்குப் போதும்."

வந்த வழியே இரு கரையிலும் இறங்கினார்கள். பந்திக்கு எத்தனை இலை, மேளம் எந்த ஊர் என்று கசம் முடியும்வரை கத்திக் கத்திப் பேசினார்கள். கீழே ஆறு விரிந்து, கத்தினால்தான் கேட்கும் என்கிற இடம் வந்தபோது இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

சாயங்காலம் கருத்தையா தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் ஆற்றில் இறங்கினார். எதிரே ராக்கப்பன் வண்டிக்காரனிடம் கைகளை விரித்துக் கசத்தின் அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்காரன் தலையாட்டினான். ராக்கப்பனுக்கு அது போதவில்லை. அவனைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிச் சைகை செய்தார். போனான். இன்னும் போகச் சொன்னார். மாடுகளைக் கடந்து, புளியமரத்தைக் கடந்து, அவன் போய்க்கொண்டே இருந்தான்.

கருத்தையா நடுத்தண்ணீரில் நின்றார். அவன் நிற்பதற்கு முன்னால் கரையேறுவது மரியாதையாக இருக்காது.