மண்ணில் இறங்கிய கூடை

தெம்பாக இருக்கிற நாளில் சம்பூர்ணத்தைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. அதுதான் அவளுக்கு வந்த வினை. டைபாய்டு வந்து போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. காய்ச்சல் போனது, அசதி மட்டும் காலி பண்ண மாட்டேன் என்கிற குடித்தனக்காரி மாதிரி உடம்போடு தங்கிவிட்டது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும். குழம்பைக் கூட்டிவைத்துவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் கம்மி என்று மாத்திரை கொடுத்தார்கள். அவள் இருந்த மீனவக் குப்பத்தில் கண்ணேறு என்றார்கள். சோம்பேறித்தனம் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு, அவர்கள் வாயில் மண்ணு விழ!

மாத்திரையும் முருங்கைக்கீரையும் ஒருவழியாக வேலை செய்து, நடுநடுவே நல்ல நாள் வர ஆரம்பித்தது. வந்தவுடன் இவள் என்ன செய்தாள்? கூடை நிறைய மீனை அள்ளிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள். ஏரிப் பக்கம் நாலு தெரு அவளுடைய வாடிக்கை. நாலையும் ஒரே மூச்சில் சுற்றிக் கூடையைக் காலி செய்துவிட்டு மகாராணி மாதிரி திரும்பி வந்தாள். மறுநாள் விடிந்தபோது கை கால் அசையவில்லை. அப்புறம் எத்தனையோ நாள் பாயே கதி. இந்தக் கூத்து ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை நடந்தது.

படுத்திருந்த காலமெல்லாம் அந்தத் தெருக்களைப் பார்த்துக்கொண்டவள் ஜெகதாம்பாள், சம்பூர்ணத்தின் புருஷன் மாரிக்கு அண்ணன் பெண்டாட்டி. தன் தெருக்களோடு இவளுடையதையும் சேர்த்துச் சுற்றினாள். கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். மூன்றாம் தடவையாக சம்பூர்ணம் கூடையோடு கரைக்கு வந்த அன்று, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு வந்தது பெருசில்ல, நாளைக்கும் வரணும். ரெண்டு நாள் சேந்தாப்ல வந்துட்டேன்னா தெரு உன்னுது. நாளைக்குப் படுத்துகினேன்னா என்னுது. வாங்கறவங்க எத்தினி நாள்தான் உன்னப் பாத்துகினு இருப்பாங்க?"

கரையில் இருந்த பெண்கள் அதுதான் நியாயம் என்றார்கள். சம்பூர்ணமும் தலையாட்டினாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கூவிக் கூவிப் பிடித்த தெருக்கள் அவை. அங்கே குழந்தைகள்கூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். அதுவும் போய்விட்டால் வீட்டில் கிடக்கிற நோயாளி என்கிற பேர்தான் மிச்சம்.

அன்று இருவரும் ஏறிய பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டி ஓரமாக நின்றது. டிரைவர் இறங்கி ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். ஆவியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை, எதற்கய்யா நிறுத்துகிறாய் என்று உள்ளே சத்தம் போட்டார்கள். அவர் சாவகாசமாகப் பானையைக் கவிழ்த்தார்.

"கொதிக்கட்டும்னு பாத்துகினு இருந்தா, அப்பால நீங்கதான் எறங்கித் தள்ளணும்."

பஸ்ஸே சிரித்தது. சம்பூர்ணம் சிரிக்கவில்லை. அடிப்பாவி, விழுந்த பிறகுதானே நீ உட்கார்ந்திருக்கிறாய், ஒரு நாளாவது விழுவதற்கு முன்னால் உட்கார்ந்தாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

எங்கே உட்காருவது என்பதில்தான் சிக்கல். கரையில் தலைக்கு ஏறிய கூடை, முதல் வியாபாரம், அதாவது போணி, ஆகிறவரை மண்ணைத் தொடக்கூடாது. தொட்டால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது குப்பத்துப் பெண்களின் கட்டு. பஸ்ஸின் கூரை மண்ணில்லையே, அதனால் அதற்கு மட்டும் மன்னிப்பு. பஸ் ஸ்டாண்டிலிருந்து தெருவரைக்கும் சுமையோடு நடக்க வேண்டும். வாசலில் சுமையோடே பேரம் பேச வேண்டும். வாங்குகிறவள் சரி என்று கூடைக்குக் கைகொடுத்தால்தான் இறக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், அவள் தெம்பில் பாதி ஒரு மீன்கூட விற்பதற்கு முன்னாலேயே கழுத்து வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

செங்கல்பட்டில் இறங்கி இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பாதி வழியில் ஒரு வேப்பமரம். சம்பூர்ணம் நின்றாள், முழங்காலை மடக்கினாள், கூடையை மண்ணில் வைத்தாள். ஜெகதாம்பாளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாடி பண்ற, போணி ஆவல. அதுக்குள்ள முடியாம பூட்ச்சா?"

"முடியுதுக்கா. முடியறப்பவே உக்காந்துக்கறேன்."

பைத்தியம் முற்றிவிட்டது என்று முணுமுணுத்தபடி ஜெகதாம்பாள் தன் தெருவுக்குப் போனாள். சம்பூர்ணத்துக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஒருவேளை கட்டு நிஜமாகவே பலித்து, ஒரு சங்கரா மீன்கூட விற்காமல் போனால்? வந்தது வரட்டும் என்று மூச்சு சமனாகிறவரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள்.

முதல் வாசல் ஞானம்மாளுடையது. பேரத்தில் அந்த அம்மாளை மிஞ்ச ஆளில்லை. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சம்பூர்ணம் கூடையைத் தானாக இறக்கிவிட்டு, அதன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இனி பொழுது சாய்கிறவரை பேசலாம், யாருக்கு என்ன கஷ்டம்? ஞானம்மாள்தான் முதலில் களைத்துப்போய் வாங்கினார்கள். போணி ஆகிவிட்டது! சம்பூர்ணத்துக்குக் கூவி ஊரைக் கூட்ட வேண்டும்போல இருந்தது. அடுத்த வாசலில் அப்படியே கூவினாள், அந்தக் குரல் பழைய குரல்.

தெருமுனைக்கு ஒரு தடவை உட்கார்ந்தாள். கேட்டவர்களிடம் சிரித்தாள். மூன்று தெரு முடிந்தபோது கூடையின் அடியில் காரப்பொடி மீன் கொஞ்சம் மிச்சம், உடம்பில் தெம்பும் மிச்சம். நாலாவது தெருவில் ஒருத்தி மாடியிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டாள். கால் தானாகத் திரும்பியது. போன இரண்டு தடவையும் இதே இடத்தில்தான், இதே குஷியில்தான் மோசம் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு, நாளைக்கு முதல் வாசல் உன்னுடையதுதான் என்று மாடிக்குக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மீன் விற்பதைவிட விற்காமல் வருவது பெரிய பாடாக இருந்தது.

வீட்டிலும் இந்தப் புதுப் பழக்கத்தை விடவில்லை. தண்ணீர்க் குடத்தை மாரி தலையில் கட்டினாள். ஆம்பிளை குடம் தூக்குகிறான் என்று குப்பமே சிரித்தது, அவனும் கூடச் சிரித்துக்கொண்டே தூக்கினான்.

விடியற்காலையில் கண் விழித்ததும் அவள் அசையவில்லை. பயம். முதலில் கால் விரலை அசைத்தாள். அசைந்தது. முழங்காலை மடக்கினாள். மடங்கியது. எழுந்து நின்றாள், நின்ற இடத்திலேயே அழுகையும் சிரிப்புமாகப் பொங்கிவிட்டது. கரைக்கு ஓட வேண்டும் என்று மனசு துள்ளியது. ஓடாமல் நடந்தாள்.

மீனைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெகதாம்பாள் வந்தாள். இரண்டு ஆள் சுமைக்குத் தயாராக, கையில் பெரிய கூடை. சம்பூர்ணத்தைக் கண்டதும் நின்றுவிட்டாள். திட்டு வரும் என்று பெண்கள் காத்திருந்தார்கள். அவளோ பெரிய கூடையை மணலில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஒன்றர வருஷமா ரெண்டு பேரு சொமடி. முட்டி ரெண்டும் பூட்ச்சு, யாராண்ட சொல்றது? அந்த வேப்பமரத்தாண்ட எனக்கும் கொஞ்சம் எடம் வுடு."

சம்பூர்ணம் கை நீட்டி அவளைத் தூக்கிவிட்டாள்.