முனகலுக்குக் கிடைத்த ஊசி

முனகல் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான். தோல் எங்கும் அறுந்துவிடாமல், ஒரே சுருளாக, அவசரமே இல்லாமல். எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த கிரேனுக்கு அடிவயிற்றில் கொள்ளி வைத்த மாதிரி இருந்தது.

“எடுத்துக்க மாப்ளே,” என்று நாலு சுளையைப் பிட்டுத் தட்டில் வைத்தான் முனகல். “உன்னால உரிக்க முடியாதுல்ல.”

“எனக்கு வேணாம்.”

“விரல் எப்படி மடங்குது பாரேன். எல்லாம் அந்த ஊசி பண்ற வேலை.”

“பாத்தேன் மச்சான். வந்ததுலேர்ந்து அதைத்தானே காட்டிக்கிட்டிருக்கே.”

உள்ளேயிருந்து கிரேனின் மனைவி, “அண்ணன் இப்ப சட்டையைக்கூடத் தானே போட்டுக்குதாம்,” என்று எரிகிற நெருப்பில் தன் பங்குக்கு எண்ணெய் விட்டாள். முனகல் அவளுடைய கூடப்பிறந்தவன்.

இரண்டு பேரும் ஒரே கிடங்கில் சிமெண்ட் மூட்டை சுமந்தவர்கள். ஒருவன் இரண்டு மூட்டையை அடுக்கிக்கொண்டு பலகை ஏறுவான். அவனுக்குக் கிரேன் என்று பேர். மற்றவன் ஒரு மூட்டைக்கே ‘அம்மா, அப்பா’ என்று உறவையெல்லாம் கூப்பிடுவான், அவன் முனகல். காலையில் மேஸ்திரி வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார். முகம் சுளித்தவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கிரேன் விலா எலும்பில் விரிசல் விழுந்த மறுநாளும் சிரித்துக்கொண்டே நின்றவன். முனகலுக்கு வேலை கிடைத்ததே கிரேன் மேஸ்திரியிடம் சொல்லி வைத்ததால்தான்.

வயதான காலத்தில் இருவருக்கும் முடக்குவாதம் வந்தது. நோய்க்கு ஆள் பார்க்கத் தெரியாது. அரசாங்க மருந்துத் திட்டத்துக்குத் தெரியும். வயதானவர்கள் எல்லாருக்கும் வலி மாத்திரை இலவசம். ஆனால் விரலை நிமிர்த்தும் அந்த விலை உயர்ந்த ஊசி, கை விளங்கவில்லை என்று சோதனையில் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

சோதனைக்கு ஒன்றாகத்தான் போனார்கள். சோதிக்கிற அம்மா தொடுவதற்கு முன்னாலேயே முனகல் கத்த ஆரம்பித்துவிட்டான். கிரேனிடம் மணல் பையைக் காட்டித் தூக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். தூக்கியதோடு விடாமல், “அவ்வளவுதானா? வேற இல்லையா?” என்று கேட்டான். அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்தது. சிரித்த பிள்ளைக்கு மாத்திரை. அந்த மாத்திரையோ வலியைத் தொடக்கூட இல்லை.

பல மாதம் கழித்து இப்போது மறுசோதனை. மனைவிதான் நாயாய் அலைந்து கேட்டு வாங்கினாள். இதுவும் போனால் மூன்றாவது கிடையாது.

“அங்க போய் வீரத்தைக் காட்டாதீங்க,” என்று வழியெல்லாம் சொன்னாள். “வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. வாய் என்ன வாடகைக்கா வாங்கினது?”

“நான் சொல்லித் தரேன் மாப்ளே,” என்றான் கூடவே வந்த முனகல். “முதல்ல கண்ணை இறுக்கி மூடணும்...”

“நீ வாயை மூடு.”

சோதனை அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, மூலையில் அதே மணல் பை. அதே அம்மாதான். முனகல் உரிமையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

“எது எது செய்ய முடியல, சொல்லுங்க ஐயா.”

கிரேன் வாயைத் திறந்தான். முனகல் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தான். அந்த ஒரு பார்வையே போதும். கிரேனின் முதுகு தானாக நிமிர்ந்தது. “முடியாதது ஒண்ணும் இல்ல,” என்றான்.

“ஏங்க!” என்றாள் மனைவி.

அம்மா பேனாவை வைத்தாள். கிரேனின் கண் போன திசையைப் பார்த்தாள். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க,” என்றாள் முனகலிடம். முனகல் முணுமுணுத்துக்கொண்டே போனான். கதவு மூடியது.

“இப்ப சொல்லுங்க.”

கிரேன் தரையைப் பார்த்தான். முகம் சுளித்தால் சோறு இல்லை என்று பழகிய உடம்பு.

“வெளிய போனவரைவிட உங்க கை பரவாயில்லன்னுதானே போன தடவை எழுதியிருக்கு?” என்றாள் அம்மா.

“யாரு? அவனைவிடவா?” கிரேன் எழுந்தேவிட்டான். “அவன் சுமந்ததுக்கு ரெண்டு பங்கு சுமந்தவன் நான்! அவன் ஆரஞ்சு உரிக்கிறான். எனக்கு ஸ்பூன் பிடிக்க வரல. இவதான் ஊட்டி விடறா. கக்கூஸ் போனா இவதான் கூட வரணும். ராத்திரியில போர்வையை இழுத்துக்க முடியல, இவளை எழுப்ப வெக்கப்பட்டுக் குளிர்லயே கிடக்கறேன். அவன் வந்து என் எதிர்ல உக்காந்து விரலை மடக்கி மடக்கிக் காட்டறான். பாத்து வயிறெரியுது எனக்கு! அவனுக்கு மட்டும் என்ன தனிக் கை?”

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குளிரில் கிடந்த கதை அவளுக்கே புதிது.

அம்மா எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மெல்ல நீவிப் பார்த்தாள். இந்தத் தடவை அவன் பல்லைக் கடிக்கவில்லை. அதற்கு மேல் கடிக்கத் தெம்பில்லை. “ஆ” என்று ஒரு சத்தம் வந்தது. சின்னதாக, பழக்கமில்லாத ஆள் போட்ட சத்தம்.

“ஊசிக்கு நான் எழுதிடறேன்,” என்றாள். “அடுத்த வாரம் வாங்க. மணல் பையைத் தூக்க வேணாம்.”

வெளியே முனகல் சுவரில் சாய்ந்து நின்றான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, கதவு மெலிசு என்று.

“கேட்டுச்சா?” என்றான் கிரேன்.

“தெருவுக்கே கேட்டிருக்கும்.” கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு முனகல் தொண்டையைச் செருமினான். “ஊசி போட்டதும் விரல் மடங்கிடும்னு நினைச்சுக்காத மாப்ளே. கொஞ்ச மாசம் ஆகும். எனக்கும் அப்படித்தான் ஆச்சு. அதுக்குள்ள என் கையைப் பாத்து வெந்து போகாத.”

கிரேன் பல்லைக் கடித்தான். கொஞ்ச மாசம்! இதிலும் இந்தப் பய அவனுக்கு முன்னால் போய் நிற்கிறான்.