குடுவைகள் கேட்ட பேச்சு

என் புருஷன் ரெய்யோவுக்குப் பேச வரும் என்பதே எனக்கு இந்த மார்ச் மாதத்தில்தான் தெரிந்தது. அதுவும் ஒரு கண்ணாடிக் கதவு வழியாக, சத்தமே கேட்காமல்.

வடக்கே பனி நாட்டு ஊரான குவோப்பியோவில் ஏரியை ஒட்டி இருக்கிறது எங்கள் ஆய்வுக்கூடம். இருமலுக்கும் புண்ணுக்கும் மூட்டுவலிக்கும் இந்த நாட்டு ஜனங்கள் காலங்காலமாகக் காய்ச்சிக் குடித்த செடிகளில் நிஜமாகவே மருந்து இருக்கிறதா, இல்லை வெறும் நம்பிக்கைதானா என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. காட்டிலும் சதுப்பு நிலத்திலும் அலைந்து செடி பறித்து, காயவைத்து, பொடித்துக் கொடுப்பவன் ரெய்யோ. அதில் சாறு இறக்கி இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதி எனக்கு. நான் அதைப் பாக்டீரியாவின் மேல் விட்டுப் பார்ப்பேன். மறுபாதி சைமிக்கு. அவள் புற்றுநோய் செல்களின் மேல் விட்டுப் பார்ப்பாள்.

செடியும் ஒன்று, சாறும் ஒன்று. ஆனால் பத்திரிகைக்காரன் வந்தால் என் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். சீழ் வைக்கிற பாக்டீரியா செத்தால் யாருக்கு என்ன வந்தது? புற்றுநோய் செல் செத்தால்தான் செய்தி. என் அறை ஊசிப்போன குழம்புச் சட்டி மாதிரி நாறும். சைமியின் அறையில் காற்றைக்கூட வடிகட்டித்தான் உள்ளே விடுவார்கள். பிப்ரவரியில் சதுப்பு நிலத்துச் செடி ஒன்றின் சாற்றில் அவளுடைய ஈரல் புற்றுநோய் செல்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து மெத்தைக்கு அடியில் போடுவார்களே, மோந்தால் தலைவலிக்குமே, அந்தச் செடிதான். என் பக்கம் அது ஒரு பாக்டீரியாவைக்கூட அசைக்கவில்லை. கையில் குடுவையோடு சைமி சிரிக்கிற படம் பேப்பரில் வந்தது. தான் பறித்த செடி என்று ரெய்யோ அதை வெட்டி எடுத்து எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். தினமும் காலையில் நான் பால் எடுக்கப் போனால் அவள் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சைமியும் நானும் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். அவளுக்கு எல்லாம் தானாக வந்து மடியில் விழும், எனக்கு முட்டி தேய வேண்டும் என்பது இருபது வயதிலேயே பழகிப்போன விஷயம். பொறுக்க முடியாமல் போனது மார்ச் மாதத்தில் நான் பார்த்த காட்சிதான்.

ஏதோ வேலையாக அவள் அறையைக் கடந்து போனேன். கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. உள்ளே சைமி தொப்பியும் முகமூடியுமாக, காற்று வீசும் பெட்டிக்குள் கையை விட்டுக் குடுவைகளைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ரெய்யோ. சாறு பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டியவன், முகமூடியைத் தாடைக்கு இறக்கி விட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். ஒன்றிரண்டு வார்த்தை இல்லை. கைகளை அகட்டி ஏதோ ஒரு மீனின் நீளத்தைக் காட்டினான். அப்புறம் சிரித்தான். சைமி தலையை ஆட்டினாள். அவன் திரும்பவும் ஆரம்பித்தான்.

ரெய்யோ ஹாமே பக்கத்து ஆள். அங்கே பேச்சைக் காசு மாதிரி முடிந்து வைப்பார்கள். நான் சாவோ பக்கத்துக்காரி, எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைகூட வாயை மூடாது. பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் காபிக்கு "ம்", சூப்புக்கு "ம்", சானா என்கிற நீராவிக் குளியலறை சூடாகிவிட்டதா என்றால் "ம்". சரி, சுபாவம், இவன் இப்படித்தான் என்று என் மனதுக்கு நானே சொல்லிப் பழக்கியிருந்தேன். இப்போது பார்த்தால் சரக்கு நிறைய இருந்திருக்கிறது, எனக்குத்தான் கடையைச் சாத்தியிருக்கிறான். அவர்கள் இருவரையும் கட்டிலில் பார்த்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

சனிக்கிழமை சானாவில் உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன். "அவகிட்ட அப்படி என்ன பேச்சு?"

ரெய்யோ கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினான். ஆவி அடங்கும்வரை காத்திருந்தான். "செடியைப் பத்தி" என்றான்.

செடியைப் பற்றியா? எந்தச் செடிக்கு ஒரு முழ நீளத்தில் வால் இருக்கிறது என்று கேட்டேன். அதிலிருந்து தொடங்கி ஃபிரிட்ஜ் படம், விடுதிக் காலம், அவன் அம்மா என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஏரிப் பனியில் வெட்டி வைத்த குழியில் முங்கி எழப் போய்விட்டான்.

அதன் பிறகு நாளுக்கு நாலு தடவை அந்தக் கதவைக் கடக்க எனக்கு வேலை வந்தது. பெரும்பாலும் அவன் உள்ளேதான் இருந்தான். என்ன பேசுகிறான் என்பது மட்டும் தெரிந்துவிட்டால் போதும், நிம்மதியாகச் சண்டையாவது போடலாம் என்று இருந்தது. கதவில் காதை வைத்தால் பெட்டியின் காற்றாடி இரைச்சல்தான் கேட்டது.

ஏப்ரலில் கடவுள் என் பக்கம் திரும்பினார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சைமியின் குடுவைகளில் தொற்று ஏதும் புகுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. அக்டோபரில் எல்லாம் சுத்தமாக இருந்தது. இந்த முறை ஈரல் செல் குடுவைகள் அத்தனையிலும் தொற்று. சாதாரண நுண்ணோக்கியில் படாத பொடிப் பாக்டீரியா. செல்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளுக்குள் நோஞ்சானாகிவிடும். அதன் மேல் எதை ஊற்றினாலும் சாகும். ஆக, பேப்பரில் வந்த அந்தப் பெருமை செல்லாது. அது எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்தேன். அந்த வகைப் பாக்டீரியா வாழ்கிற இடம் மனித வாய். முகமூடி போடாமல் திறந்த குடுவைக்குப் பக்கத்தில் நின்று யாரோ மணிக்கணக்கில் பேசியிருக்க வேண்டும்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே கல்லில் அவளுடைய பேப்பர் படமும் போகும், அந்தக் கதவும் என் புருஷனுக்குச் சாத்தப்படும். சைமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், முறையும் அதுதான். நான் அப்படிச் செய்யவில்லை. காபி நேரத்தில், எல்லோரும் இலவங்கப்பட்டை பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பேராசிரியர் என்சியோவின் முன்னால் காகிதத்தை வைத்தேன். வாயிலிருந்து வந்த தொற்று என்றேன். அந்த அறைக்குள் அரட்டை அடிப்பது யார் என்று சைமியையே கேளுங்கள் என்றும் சொன்னேன்.

சைமி காகிதத்தை இரண்டு முறை படித்தாள். தான் ஒருநாளும் முகமூடியைக் கழற்றியதில்லை என்றாள். ரெய்யோ வருவதுண்டு என்று மட்டும் மெதுவாகச் சேர்த்தாள். என்சியோ காபியைக் குடித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். செல்கள் அனைத்தையும் இன்றே அழிக்க வேண்டும், பேப்பருக்கு மறுப்பு எழுத வேண்டும், புதுச் செல்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ரெய்யோ இனி அந்த அறையை மிதிக்கக் கூடாது. நான் கேட்டது எல்லாமே கிடைத்தது.

மதியம் உதவி என்ற பேரில் சைமியிடம் போனேன். குடுவைகளைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நீராவியில் வேகவைக்கத் தூக்க வேண்டும். அவள் கண் சிவந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. நான் வந்த வேலை வேறு.

"என்னடி பேசுவான் உங்கிட்ட?" என்று கேட்டேன்.

"யாரு?"

"நடிக்காத. ரெய்யோ. ஆறு மாசமா அவன் பேசுனது மொத்தமும் எனக்குத் தெரியணும்."

சைமி பையின் வாயை முறுக்கியபடி என்னைப் பார்த்தாள். பிறகு தலைத் தொப்பியைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு காதிலும் பொத்தான் மாதிரி குட்டியாகப் பாட்டுக் கேட்கும் கருவி.

"அந்தக் காத்தாடி இரைச்சல்ல மனுஷன் எட்டு மணி நேரம் உக்கார முடியுமா? காலைல மாட்டுனா சாயங்காலந்தான் கழட்டுவேன். உன் புருஷன் என்ன பேசுனாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது, ஹில்மா. ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"தலையை ஆட்டுனியே. நான் பாத்தேன்."

"அப்பப்ப ஆட்டுவேன். போங்கன்னு சொல்ல மனசு வரல. அவ்வளவு ஆசையா ஒருத்தர் பேசி நான் பாத்ததே இல்ல."

பையின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். இருவருமாகத் தூக்கிப்போய் நீராவிப் பானையில் இறக்கி மூடியைத் திருகினோம். ரெய்யோவின் ஆறு மாதப் பேச்சைக் கேட்டிருந்தவை அந்த ஈரல் செல்கள் மட்டும்தான்.

மாலையில் ரெய்யோதான் கார் ஓட்டினான். வழக்கமாகக் கதவைச் சாத்துவதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிடுவேன். அன்று பையிலிருந்து எங்கள் மகளின் பழைய பாட்டுக் கேட்கும் கருவியை எடுத்து, அவன் பார்க்க, இரண்டு காதிலும் செருகிக்கொண்டேன். பாட்டு எதுவும் போடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன். எவ்வளவு கஷ்டம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

பாலம் தாண்டியது. பெட்ரோல் கடை தாண்டியது. இரண்டு தடவை என் பக்கம் பார்த்தான். காட்டுப் பாதைக்குத் திரும்பியதும் தொண்டையைச் செருமினான்.

"சதுப்புக்குக் கொக்கு வந்துருச்சு" என்றான். சாலையைப் பார்த்துத்தான் சொன்னான். "போன வருசத்தவிட அஞ்சு நாள் முன்னாடியே."

நான் அசையவில்லை. அவன் குரல் இவ்வளவு மென்மையானது என்று எனக்குத் தெரியாது. கொக்கு நின்ற இடத்தைச் சொன்னான். பனி விலகி முதலில் தெரிந்த மேட்டைச் சொன்னான். அவன் அண்ணன் விற்கப்போகும் படகைப் பற்றி, அதை வாங்க ஆசைப்பட்டும் என்னிடம் கேட்கத் தோதே கிடைக்காததைப் பற்றிச் சொன்னான். பதினெட்டு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவன் அந்தப் பதினைந்து கிலோமீட்டரில்தான் எனக்கு அறிமுகமானான்.

எங்கள் தெரு வந்தபோது வேகத்தைக் குறைத்தான்.

"இனிமே அந்த ரூமுக்குப் போகக் கூடாதாம்" என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. "அந்தப் பொண்ணு சைமி மாதிரி காதுகொடுத்துக் கேக்குறவங்களை நான் பாத்ததே இல்ல. அப்படிக் கேப்பா."

அவள் கேட்கவே இல்லையடா, நான்தான் கேட்கிறேன், இதோ இப்போது, ஒவ்வொரு எழுத்தாக, என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் இன்றோடு நிறுத்திவிடுவான்.

நான் ஜன்னலைப் பார்த்தபடி, ஒன்றும் கேட்காதவளாக, தலையை ஆட்டினேன்.