யூனிட்டச் சொல்லு

என்னைய ஏமாத்த ஒரு ஆளு இன்னும் பொறக்கலன்னு தெருவுல சொல்லிக்கிட்டுத் திரிவேன். பால்ல தண்ணி கூடுனா நாக்குல வச்சதும் சொல்லிருவேன். அப்பேர்ப்பட்ட இந்தச் செல்வலட்சுமிக்கே கரண்டு பில்லு தண்ணி காட்டிருச்சு.

வீட்டுல நானும் எங்க வீட்டுக்காரரு பாலகுருவும் மட்டுந்தான். அவுக ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏத்துற வேன் ஓட்டுறாக. விடியுமுன்ன போனா பொழுது சாயத்தான் வருவாக. மகன் கோயமுத்தூர்ல வேலை பாக்கான். ரெண்டு ஃபேன், ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு கிரைண்டர், அம்புட்டுத்தான் எங்க சம்சாரம். ரெண்டு மாசத்துக்கு இருநூத்தம்பது யூனிட் ஓடும். அது திடுதிப்புன்னு நானூறுக்கு ஏறுச்சு. அதுக்கடுத்த தடவை ஐநூத்தி நாப்பது! ஐநூறத் தாண்டிட்டா, தாண்டுன யூனிட்டுக்கு மட்டுமா ரேட்டு கூடும்? முன்னால ஓடுனதுக்கும் சேத்துல்ல கூட்டிருதாக. போன்ல வந்த தொகையப் பாத்துட்டு எனக்குத் தலை கிறுகிறுன்னு வந்துருச்சு.

இந்த வீடு ஒண்ணும் சும்மா வந்தது இல்ல. நானும் பட்டாசுக் கம்பெனியில பேப்பர்க் குழாய்க்கு வெடி மருந்து அடைச்சு அடைச்சு, மூச்சு எளப்பு வந்து நிக்கிற வரைக்கும் பாடுபட்டுக் கட்டுனது. இதுல ஒரு ஆணிய எவனாவது புடுங்குனாக்கூட எனக்கு நெஞ்சு அடைக்கும். பின்னால நடுவுல ஒத்தைச் செங்கல்ல ஒரு செவரு எழுப்பி, ஒரு பாதிய வாடகைக்கு விட்டோம். ரெண்டு பாதிக்கும் தனித்தனி மீட்டரு, ரெண்டும் வாசல் நடையில பக்கத்துல பக்கத்துல இருக்கும். ரெண்டு அட்டையிலயும் என் பேருதான், ரெண்டு பில்லும் என் போனுக்குத்தான் வரும்.

நானூறு வந்தப்பவே முதல்ல நான் சந்தேகப்பட்டது ரீடிங் எடுக்க வார சோலைச்சாமிய. "ஏ தம்பி, கண்ணத் தொறந்துதான் பாத்தியா, இல்ல பஸ்ஸுல உக்காந்தே எழுதிட்டியா?"ன்னு கேட்டேன். அவன் பொறுமையா என்னையக் கூட்டிட்டுப் போயி மீட்டரக் காட்டுனான். அவன் சொன்ன நம்பருதான் அதுலயும் இருந்துச்சு. சரி, மீட்டருதான் களவாணின்னு முடிவு பண்ணேன். மெயின் சுவிட்ச அமத்திட்டு, அதுல மினுக்மினுக்குன்னு எரியிற சிவப்பு லைட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். லைட்டு மினுக்குறத நிப்பாட்டிருச்சு, நம்பரும் அசையல. மீட்டரு நல்ல மீட்டருதான், பாவம்.

அடுத்து எங்க வீட்டுக்காரரு. "ராத்திரியில எந்திரிச்சு என்னத்தையும் மாட்டி வைக்கீகளா?"ன்னு கேட்டதுக்கு, "ஆமா, நான் கரண்டக் கரைச்சுக் குடிக்கேன்"னு சிரிச்சாக. எனக்கு வந்த கோவத்துக்கு அன்னைக்குக் கொழம்புல உப்பே போடல.

மிச்சம் இருந்தது குடியிருக்கிற பிரபாகரன் வீடு.

பிரபாகரனும் அவன் பொண்டாட்டி மாரீஸ்வரியும் அஞ்சு வயசுப் பிள்ளையோட குடிவந்து ஒண்ணரை வருசமாச்சு. அவன் வேலை பாத்த கம்பெனிய தை மாசம் மூடிட்டாக. அதுல இருந்து வீட்டுலயே பட்டாசுக்கு வெறும் பேப்பர்க் குழாய் சுத்துற வேலை எடுத்துச் செய்யிறான். ஒத்தாசைக்கு ரெண்டு பொம்பளைக வருவாக. காலையில கதவ அடைச்சா சாயந்தரந்தான் தொறப்பாக. ராத்திரி மூணு பேரும் வெக்கைன்னு வாசல்லயே பாய் விரிச்சுப் படுத்துக்கிடுவாக. "ஏப்பா, சித்திரை வெயில்ல கதவ அடைச்சுக்கிட்டு எப்படித்தான் கெடக்கீக?"ன்னு கேட்டேன். "காத்தடிச்சா பேப்பர் பறக்கும்க்கா"ன்னான். நல்ல பதிலுதான். ஆனா பதிலு ரொம்ப நல்லா இருந்தா எனக்குச் சந்தேகம் வரும்.

மாரீஸ்வரி இருக்காளே, அவ தங்கமான பிள்ள. அதுதான் எனக்கு முதல் எரிச்சலு. கம்பெனி மூடுனதுல இருந்து, காலையில பிள்ளையத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துருவா. காய் நறுக்கித் தருவா, என் தலைக்கு எண்ணெய் வச்சுவிடுவா, ஆட்டுற மாவுல எனக்கும் எடுத்து வைப்பா. ஆனா ஆட்டுறது என் கிரைண்டர்ல! அவுக சமையலுக்கும் ஒரு கரண்டு அடுப்பக் கொண்டாந்து என் அடுப்படியிலதான் வச்சிருந்தா. பிள்ள ஒரு தலகாணியச் செவத்துல சாத்திவச்சு, அதுல சாஞ்சுக்கிட்டு நாள் பூராம் டிவி பாக்கும். மத்தியானம் ஃபேனுக்கு அடியிலயே தூங்கிரும். "பெரியம்மா, சத்தம் கூட்டு"ன்னு அதிகாரம் வேற. இது போதாதுன்னு பிரபாகரன் போனு, மாரீஸ்வரி போனு, அந்த ரெண்டு பொம்பளைக போனு, நாலும் என் வீட்டு ஜன்னல்லதான் கெடக்கும். "சார்ஜ் போட்டுக்கிடுறோம்க்கா." நாள் பூராமா சார்ஜ் போடுவாக? சாயந்தரம் வரைக்கும் ஒருத்தி எட்டிப் பாத்து எடுக்க மாட்டா.

நானே வாய் பேசாம இருந்தேன்னா பாத்துக்கிடுங்க. பிள்ள மேல ஒரு பாசம் விழுந்துருச்சு, அதுதான்.

ஐநூத்தி நாப்பது வந்த அன்னைக்கு அந்தப் பாசமும் ஓடிப்போச்சு. சோலைச்சாமி அடுத்த சந்துலதான் இருந்தான். போயி மறிச்சேன். "அவுகளுக்குப் பூஜ்யம், எனக்கு இம்புட்டா? மூணு உசுரு இருக்கிற வீடு, வேலைக்கு வேற ஆளு வருது."

"அக்கா, நூறு யூனிட்டுக்குள்ள ஓடுனா எல்லாருக்கும் பூஜ்யந்தான். அவுகளுக்கு எப்பவும் எம்பது, எம்பத்தஞ்சுதான் ஓடும்"னு சொல்லிக்கிட்டே கையில இருந்த மிஷினப் பாத்தான். மொகம் மாறிருச்சு. "அட, இங்க யூனிட்டே பூஜ்யங்க்கா."

"அதத்தானய்யா நானும் சொல்லுதேன்."

"இல்லக்கா. ரூபாய் பூஜ்யம் வேற, யூனிட் பூஜ்யம் வேற. எம்பது யூனிட் ஓடுனாலும் ரூபாய் பூஜ்யம்னுதான் உங்க போனுக்கு வரும். இது ஒத்த யூனிட்டுகூட ஓடல. ரெண்டு மாசமா ஒரு பல்பு எரியல. ஆளு இருக்காகளா, காலி பண்ணிட்டாகளா?"

"குத்துக்கல்லு மாதிரி இருக்காக!"

"அப்ப மீட்டரு ரிப்பேரா இருக்கணும். இல்லைன்னா..." மிச்சத்த முழுங்கிட்டான். "கொக்கி கிக்கி போட்டுக் கரண்ட இழுத்திருந்தா, கேசு உங்க பேருலதான்க்கா வரும். பாத்துக்கிடுங்க."

எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறிருச்சு. அடப் பாவிகளா! என் லைன்ல இருந்து வயர இழுத்து, என் கரண்டுல குடும்பம் நடத்திக்கிட்டு, என் தலைக்கே எண்ணெய் வச்சுவிடுறியா? அவ பிள்ளையோட என் வீட்டுலயே கெடக்குறது எதுக்கு? நான் எந்திரிச்சு வந்து மீட்டரப் பாத்துரக் கூடாது, அதுக்குக் காவலு! ஆபீஸ்ல இருந்து வந்தா பீசப் புடுங்குவாக, அபராதம் போடுவாக, தெருவே வேடிக்கை பாக்கும். என் வீடு களவாணி வீடுன்னு பேரு வாங்கவா நான் மருந்துல வெந்தேன்?

இன்னைக்கே கையும் களவுமாப் புடிச்சு, சாமான்செட்டத் தெருவுல தூக்கி வச்சிரணும்னு வீட்டுக்கு நடந்தேன்.

என் வீட்டுக்குள்ள டிவி ஓடுற சத்தம் கேட்டுச்சு. மாரீஸ்வரி அடுப்படியில ஏனம் வெளக்கிக்கிட்டு இருந்தா. பிரபாகரன் வீட்டுக் கதவு வழக்கம்போல அடைச்சிருந்துச்சு. நான் சத்தங்காட்டாம நடையில நின்னு மீட்டர்ப் பொட்டியப் பாத்தேன். என் மீட்டர்ல சிவப்பு லைட்டு மினுக்குது. அவுகளுதுல ஒரு மினுக்கலும் இல்ல. வயரு எங்கனயும் இழுத்திருக்கான்னு மேல கீழ தடவிப் பாத்தேன், ஒண்ணும் காணல. அப்பத்தான் பொட்டிக்கு மேல கையி பட்டுச்சு. அவுக வீட்டு பீசு கட்டையக் கழத்தி, துணியில சுத்தி வச்சிருந்தாக.

"ஆகா, மாட்டுனீகளா!"ன்னு வாய்விட்டே சொன்னேன். அவுக மீட்டர் ஓடக் கூடாதுன்னு பீசயே புடுங்கி வச்சிருக்காக. சரி, நான் மாட்டுறேன். ஓடட்டும். அவுக மீட்டரு ஓடுறத அவுக கண்ணால பாக்கட்டும்.

பீசு கட்டையத் துணியில இருந்து உருவி, மாட்டுற எடத்துக்குக் கொண்டு போனேன்.

"அக்கா! வேண்டாங்க்கா!"

அப்படி ஒரு அலறல நான் கேட்டதே இல்ல. சோப்பு நுரைக் கையோட மாரீஸ்வரி பாஞ்சு வந்து என் மணிக்கட்டப் புடிச்சா. நான் திமிறுறேன், அவ விட மாட்டேங்கா. ஈரக் கையி வழுக்க வழுக்க, நகத்தால கவ்விப் புடிச்சுட்டா.

"விடுட்டி கையி! களவாணிச் சிறுக்கி!"

"என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க, அத மட்டும் மாட்டாதீக. உங்க காலப் புடிக்கேன்."

கரண்டத் திருடுறவ, கரண்டு வேண்டாம்னு ஏன் அலறணும்?

சத்தத்துக்குப் பிரபாகரன் கதவத் தொறந்தான். வெறுங்காலு. முழங்கை வரைக்கும் மருந்துப் பொடி வெள்ளி மாதிரி மினுங்குது. அவன் தோளுக்குப் பின்னால பாத்தேன். உத்தரத்துல ஃபேனு இல்ல. பல்பு இருந்த எடத்துல ரெண்டு வயரு, முனையில ஒட்டுகூடச் சுத்தாம, மொட்டையாத் தொங்குது. அதுக்கு நேர் கீழ பாய் விரிச்சு, அதுல மருந்து குமிச்சிருக்கு. ரெண்டு பொம்பளைகளும் மருந்து அடைச்ச குழாயோட அப்படியே என்னையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக.

மருந்து அடைக்கிற ரூம்ல கரண்டு இருக்கக் கூடாது, போனு கூடாது, செருப்பு கூடாது. நான் வேலைக்குப் போன முதல் நாள் எனக்குச் சொன்னது இதுதான். ஜன்னல்ல கெடந்த நாலு போனும் அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. மருந்து வாசம் வரலையான்னு கேப்பீக. எங்க ஊருப் பக்கம் பஸ்ஸுல ஏறுனாலே அந்த வாசந்தான், எந்த வீட்டுல இருந்து வருதுன்னு யாரு கண்டா?

என் கையில இருந்த பீசு கட்டையப் பாத்தேன். இத மாட்டியிருந்தா, அந்த மொட்டை வயருல ஒத்தைப் பொறி போதும். இடுப்புல இறுக்கிச் சொருகிக்கிட்டேன்.

"எல்லாரும் வெளிய வாங்க. எதையும் இழுக்காதீக, உதறாதீக. அப்படியே எந்திரிச்சு வாங்க"ன்னேன். என் குரலு எனக்கே வேற யாருதோ மாதிரி இருந்துச்சு. அவுக ஒவ்வொருத்தரா வந்தாக.

"வேற வழி இல்லக்கா. சீசன் ஆர்டரு, இது முடிஞ்சா விட்டுருவேன்"னு பிரபாகரன் தலையக் குனிஞ்சான். நான் அவனப் பாக்கல. மாரீஸ்வரியத்தான் கேட்டேன்.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தெனம் பிள்ளையத் தூக்கிட்டு என் வீட்டுக்கு வந்திருக்க."

"பாப்பாவாச்சும் தள்ளி இருக்கட்டும்னுதான்க்கா." அவ அழுதுகிட்டே சொன்னா.

"தள்ளியா? எங்கட்டி தள்ளி? நடுவுல இருக்கிறது ஒத்தச் செங்கல்லுட்டி!"

சொன்ன பொறவுதான் எனக்கே ஒறைச்சுச்சு. டிவிக்கு எதுத்தாப்புல இருக்கிற செவரு அந்தச் செவருதான். உள்ள ஓடுனேன். பிள்ள தலகாணியச் சாத்தி, அந்தச் செவத்துலயே முதுகச் சாச்சு உக்காந்து, டிவியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. வாரி எடுத்துக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் ஓடுனேன். மூச்சு எளப்பு அன்னைக்கு எங்க போச்சோ தெரியல.

தெருமுனையில நின்னு போன எடுத்தேன். மாரீஸ்வரி ஓடி வந்து கால்ல விழுந்தா. "அக்கா, அவுகளே இன்னைக்குக் காலி பண்ணிருவாக. போலீசுக்குச் சொல்லாதீக. சொன்னா அவுக உள்ள போயிருவாக."

"சொல்லலைன்னா எல்லாரும் மேல போயிருவோம்ட்டி."

சொல்லிட்டேன். வந்தாக, தண்ணி ஊத்தி நனைச்சாக, அள்ளிட்டுப் போனாக. அந்தப் பாதி வீட்டுக்கு சீல் வச்சாக. பிரபாகரனக் கூட்டிட்டுப் போனாக. மறுநாள் மாரீஸ்வரி பிள்ளையோட மல்லாங்கிணறுக்கு, அவ அம்மா வீட்டுக்கு பஸ் ஏறுனா. பிள்ள எனக்குக் கையி காட்டுச்சு. அவ திரும்பியே பாக்கல. நான் செஞ்சது சரிதான். ஆனா எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

ரெண்டு மாசம் கழிச்சு சோலைச்சாமி வந்தான். "அக்கா, உங்களுக்கு இருநூத்தி நாப்பதுதான். பழையபடி எறங்கிருச்சு. சந்தோசந்தான?"

நான் சிரிக்கல. அவன் கையப் புடிச்சு நடையில உக்கார வச்சேன்.

"தம்பி, நூறுக்குள்ள ஓடுனா எல்லாத்துக்கும் பூஜ்யம்னுதான வருது. நீ ரூபாயச் சொல்லாத, யூனிட்டச் சொல்லு. நம்ம தெருவுல ஆளு குடியிருந்தும் ஒத்த யூனிட்டுகூட ஓடாத வீடு இருக்கா?"

அவனும் இந்த ஊருக்காரன்தான். நான் எதக் கேக்கேன்னு வெளங்கிருச்சு. மிஷினத் தட்டித் தட்டிப் பாத்தான்.

"மூணு வீடு இருக்குக்கா"ன்னான்.