விற்றுப்போன பெயர்

நாபல் ஊரின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மோஞ்சியா அடுக்கியிருந்த மிளகாய் விழுது புட்டிகள் எல்லாவற்றிலும் அவள் குடும்பப் பெயரான ‘பெல்காதி’ கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பெயரையும் குடும்பத்தின் விழுதுத் தொழிற்சாலையையும் சேர்த்து அவளுடைய அண்ணன் போன வருடம் ஒரு பாரிஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டான். இப்போது கம்பெனி வக்கீல் அவள் கடை முன்னால் வந்து நின்றார்.

“அந்தப் பேரு இப்ப கம்பெனியோடதும்மா. எடுத்துடுங்க.”

“நான் பொறந்ததுலேருந்து என் பேருய்யா அது!”

“சட்டம் அப்படிச் சொல்லலையே.”

“சரி, உங்க புட்டியில இருக்கிற மொளகா எந்த ஊருது?”

கம்பெனி மிளகாய் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்குவது சந்தைக்கே தெரியும்.

மோஞ்சியா லேபிள்களை ஒன்றுவிடாமல் சரக் சரக்கென்று கிழித்து அவர் கையில் திணித்தாள். “இந்தாங்க, உங்க சொத்து. பத்திரமா கொண்டுபோங்க.”

வாங்க வந்த ஒருத்தி கவலையோடு கேட்டாள்: “அக்கா, இனிமே என்ன பேரு சொல்லி வாங்குறது?”

“பேரு வேணும்னா அவர்கிட்ட வாங்கிக்க. காரம் வேணும்னா புட்டிய எடு.”