டொக்டர் மறித்த சோறு

துறைமுகத்துக்கு மேலே இருந்த ஓர்ஸ் ஹில் மேட்டில் அந்த நாட்களில் ஒரு பெண்ணின் கெட்டித்தனத்தை அறிய அவளுடைய குசினிக்குள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. புருஷன் கந்தோருக்குப் போகும் நேரம் வேலியோரம் நின்று பார்த்தால் போதும். வயிறு முன்னுக்குப் போய் ஆள் பின்னுக்குப் போனால் அவள் கெட்டிக்காரி. நெஞ்செலும்பு தெரிந்தால், பாவம், அந்த மனுசனுக்கு வாய்த்தது அவ்வளவுதான். இந்தக் கணக்கில் கோணேஸ்வரியை அடிக்க அந்த மேட்டில் ஆள் இல்லை. அவளுடைய புருஷன் சோமசேகரம் கடற்படைக் களஞ்சியத்தில் கிளாக்கர். பின்னேரம் மேட்டில் ஏறி வரும்போது வேப்பமரத்தடியில் ஒருக்கால், வளைவில் ஒருக்கால் நின்று மூச்சு விட்டுத்தான் வீடு வந்து சேருவார்.

"நான் கைப்பிடிக்கேக்க ஈர்க்கு மாதிரி இருந்தவர், இப்ப பாருங்கோ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீடு. பிள்ளைக்கு ஊட்ட வேண்டியதையும் சேர்த்து அவருக்கே ஊட்டினாள். அவரும் ஒருநாளாவது போதும் என்று சொன்னவரல்ல.

யப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த மாசத்தில் அவருடைய இடது கால் பெருவிரலில் சப்பாத்துக் கடித்துப் புண் வந்தது. கடித்த புண் ஆற வேண்டும்தானே? ஆறவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினாள். புண் அகலித்துக்கொண்டே போய் விரல் நுனி கறுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டொக்டர் காலைப் பார்த்ததைவிட வயிற்றைத்தான் கூடப் பார்த்தார்.

"சலரோகம். இரத்தத்தில சீனி கூடிப்போச்சு. அதுதான் புண் ஆறுதில்லை" என்றார். "இதுக்கு ஊசி மருந்து கப்பலில வரவேணும். இப்ப கப்பல் எல்லாம் சண்டைக்குப் போயிட்டுது. ஐயா உடம்பு நிறையைக் குறைக்கவேணும். சோத்தைக் குறையுங்கோ, சீனியைத் தொடவேண்டாம். கறுப்பு விரலைத் தாண்டிச்சுதெண்டால் கணுக்காலோட எடுக்கவேண்டி வரும். சித்திரை வருசப் பிறப்பு முடியக் கொண்டு வாங்கோ, பாப்பம்."

கணுக்காலோடு என்று சொன்னபோது டொக்டர் தன் பென்சிலால் காலில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

சொன்ன சொல்லை அவள் தட்டவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். சோற்றைப் பாதியாகக் குறைத்தாள். குறைத்த கையோடு, பாதி வயிறாக இருக்கும் மனுசனின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், காலையில் இடியப்பமும் தேங்காய்ப் பாலும், பின்னேரம் பிட்டும் வாழைப்பழமும் வைத்தாள். சீனி தொடவில்லை. பனங்கட்டி வைத்தாள். மாவை அவித்தால் நோய் கண்ட வருத்தக்காரருக்கு இலேசு என்பது அவளுடைய சாத்திரம். அரிசியை இடித்தால்தான் மா என்பது தெரியாதவளா? தெரியும். இடித்தவளே அவள்தான். போதாததற்குக் கடைத்தெருவில் சத்து மருந்து என்று ஒரு போத்தல் வாங்கி வந்தாள். போத்தலின் மேல் சிங்கத்தின் வாயைப் பிளக்கும் ஒரு மீசைக்காரனின் படம். உள்ளே பாகுபோலக் கறுப்பாக, நாக்கில் பட்டால் தித்தித்துக்கொண்டு ஒரு மருந்து. நிறை குறைந்தால் மனுசன் படுத்துவிடுவார் என்ற பயத்தில் காலையும் மாலையும் கரண்டி நிறைய ஊற்றினாள். டொக்டர் சொன்னதையும் கேட்டாயிற்று, மனுசனையும் தேற்றியாயிற்று என்று அவளுக்கு நிம்மதி. கறுப்பு மட்டும் விரலின் அடிவரைக்கும் இறங்கியிருந்தது.

வருசப் பிறப்புக்கு முதல், ஒரு காலையில், யப்பான்காரனின் குண்டு விழுந்தது. துறைமுகம் முழுக்க நெருப்பு. சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி எரிந்து வானம் கறுத்தது. ஊர் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடியது. இவர்களுக்குத் தயிர் கொண்டுவந்து கொடுக்கும், குடாவுக்கு அப்பால் குறிஞ்சாக்கேணி ஊர் ஆதம்பாவா தன் வள்ளத்தோடு வந்து, சோமசேகரத்தைக் மேட்டிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி அதில் ஏற்றினார். பாதித் தூரம் போனபிறகுதான் கோணேஸ்வரிக்கு ஞாபகம் வந்தது.

"ஐயோ, மருந்துப் போத்தல்! அலுமாரிக்குள்ள விட்டிட்டு வந்திட்டன்!" என்று எழும்பியே விட்டாள்.

"இரிங்க அம்மா, வள்ளம் ஆடுது" என்றார் ஆதம்பாவா. "ஐயாட உசிரக் கொண்டு போறம். போத்தல் கிடக்கட்டும்."

வழி நெடுக அவள் போத்தலுக்காக அழுதாள்.

குறிஞ்சாக்கேணிக் கரை ஏறி வீடு வந்ததும், ஆதம்பாவாவின் மனைவி உம்மு குல்சும் வாசலுக்கு ஓடி வந்து கையைப் பிடித்தாள். "உங்களுக்குத் தனி அடுப்பு வச்சிரிக்கன் தங்கச்சி, புதுப்பானையும் இரிக்கி. உங்கட கையாலயே ஆக்குங்க" என்று கடல்நீர் தேங்கி நின்ற களப்புப் பக்கமாக ஒரு ஓலைக் கொட்டிலைக் காட்டினாள். வீடு தேடி வந்தவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று கேட்டுச் சங்கடப்படுத்தாமல், முதலே யோசித்து வைத்த மனுசி அவள். அன்றைக்கு மத்தியானம் ஒரு சுண்டு அரிசியும் கொண்டுவந்து வைத்தாள்.

கோணேஸ்வரி சோறாக்கினாள். சோமசேகரம் பாயில் காலை நீட்டி இருந்து, சோற்றுக் கோப்பையை முன்னால் இழுத்து, கையை வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கொட்டில் வாசலில் ஆதம்பாவாவின் சின்ன மகள் சித்தி பரீதா நின்றாள். அவளுடைய கையில் அவித்த மரவள்ளித் துண்டு ஒன்று இருந்தது. அதைக் கடித்துக்கொண்டு, கண்ணால் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் சோறு தின்னேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார்.

"அரிசி உங்களுக்கு" என்றாள் பரீதா. "எங்களுக்கு மரவள்ளி."

சோமசேகரம் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார். கோணேஸ்வரி கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் கையை அப்படிக் கண்டதில்லை.

"உம்மாவைக் கூப்பிடு" என்றார். உம்மு குல்சும் பதறிக்கொண்டு வந்து நின்றபோது, "எனக்குச் சோறு ஆகாது, டொக்டர் மறிச்சவர். ஒரு பருக்கையும் தொடக்கூடாதாம். இதைப் பிள்ளையளுக்குக் குடுங்கோ. இனி அரிசி தந்தால் எனக்குத்தான் கேடு" என்றார்.

தன் காலுக்காக ஒருநாளும் கேளாத டொக்டரின் சொல்லை, மனுசன் யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக எடுத்துப் பிடித்தார். கோணேஸ்வரிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"பட்டினி கிடந்து சாகப் போறீங்களோ?" என்று அவர்கள் போனபிறகு சீறினாள்.

"அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்க எனக்கு இறங்காது, கோணேஸ்" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து களப்பு தந்ததைத்தான் சாப்பிட்டார்கள். ஆதம்பாவா கொண்டுவந்த மீன், நண்டு, இறால். வேலியில் முருங்கையிலை, வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்காணி. எப்போதாவது ஒரு சின்னக் குரக்கன் ரொட்டி. தேங்காய்கூடச் சிக்கனமாகத்தான். பசி வந்தால் சோமசேகரம் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு, காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆதம்பாவாவின் வலையைப் பின்னிக் கொடுப்பார். வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்றது. கன்னம் வற்றியது. கோணேஸ்வரி அதைப் பார்த்துப் பார்த்து உருகினாள். இனி ஊருக்குப் போனால் வேலிக்கு மேலால் பார்க்கிற பெண்கள் என்ன சொல்லுவார்கள்? அதைவிடப் பெரிய பயம் வேறு. டொக்டர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வெட்ட வேண்டிய காலை வெட்டாமல் வைத்திருந்தால் கறுப்பு மேலே ஏறி ஆளையே கொண்டுபோய்விடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். காலையில் உப்புத் தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றிப் புண்ணைக் கழுவி, துவைத்த துணி கட்டுவாள். அதைத் தவிர அவளிடம் ஒன்றுமில்லை.

ஒருநாள் விடியற்புறம் வளவின் பின்பக்கம் போனவள், அவர் சலம் போகும் பூவரசடியில் நின்றுவிட்டாள். ஓர்ஸ் ஹில்லில் அவர் போன இடத்தில் எறும்பு கறுப்பாக மொய்த்துக் கிடக்கும். இங்கே வந்த புதிதிலும் அப்படித்தான் கிடந்தது. இப்போது வெறும் நிலம். ஈர மண்ணுக்குப் பக்கத்தால் ஒரே ஒரு எறும்பு போனது. அதுவும் திரும்பிப் பார்க்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது. அடுத்த நாளும் போய்ப் பார்த்தாள். பார்க்கிற வேலையா அது? ஆனாலும் குந்தியிருந்து பார்த்தாள். எறும்பு வரவில்லை.

அன்றைக்குத் துணியை அவிழ்த்தபோதுதான் அவள் புண்ணை உண்மையாகவே பார்த்தாள். அதுவரை பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டே கழுவியிருந்தாள். கறுப்பு காய்ந்து, நகக்கண் பக்கமாக ஒதுங்கி, பொருக்காக நின்றது. அதற்குக் கீழே, ஓரத்தைச் சுற்றி, பிறந்த குழந்தையின் உதடு போல இளஞ்சிவப்பாகச் சதை வந்திருந்தது. வெளிச்சத்துக்குக் காலைத் திருப்பினாள். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டி, தொடப் பயந்து, கையை இழுத்துக்கொண்டாள். யாரும் செய்யாமல், யாரையும் கேளாமல், அந்தச் சதை தானாக வந்துகொண்டிருந்தது. அவளுக்கு உடம்பு புல்லரித்தது. கோயிலில் திரை விலகும்போதுகூட அவளுக்கு அப்படி ஒரு நடுக்கம் வந்ததில்லை.

"இஞ்சருங்கோ, கால் உயிரோட இருக்குது" என்றாள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பிறகு ஒவ்வொரு காலையும் துணி அவிழ்ப்பது ஒரு பூசை போல ஆயிற்று. உம்மு குல்சும் வந்து எட்டிப் பார்த்து, "அல்லாவே!" என்று வாயில் கை வைப்பாள். பரீதா கிட்டக் குந்தியிருந்து, "இண்டைக்கு இன்னும் கொஞ்சம் மூடிட்டுது" என்பாள். பொருக்கு ஒருநாள் துணியோடு கழன்று வந்தது. கோணேஸ்வரி கோணேசர் சாமிக்கு நேர்த்தி வைத்ததை நினைத்தாள், உம்மு குல்சும் தொழுகையில் கேட்டதை நினைத்தாள், உப்புத் தண்ணீரை நினைத்தாள். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லி முடித்தபிறகும் ஒன்று மனதில் குத்திக்கொண்டே இருந்தது. அங்கே தினமும் பார்த்துப் பார்த்து ஊட்டியதில் ஒன்றுகூட இங்கே இல்லை. சோறு இல்லை, பிட்டு இல்லை, பனங்கட்டி இல்லை, சிங்கத்தின் வாயைப் பிளக்கிறவனும் இல்லை.

"என்ர கைதான் உங்கட காலைத் திண்டு கொண்டிருந்திருக்கு" என்று ஒரு பின்னேரம் சொல்லி, கொட்டில் தூணில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள்.

சோமசேகரம் வலை பின்னுகிற கையை நிறுத்தவில்லை. "நீ தந்தாய், நான் திண்டனான்" என்றார். "ஆரிட பிழை எண்டு கால் கேக்கேல்லை. விடு."

ஆடி மாசம் ஊர் அடங்கித் திரும்பி வந்தார்கள். ஆஸ்பத்திரி திறந்திருந்தது. அதே டொக்டர்தான். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், விரலை அழுத்திப் பார்த்தார். வலது காலைப் பார்க்கிறோமோ என்று சந்தேகப்பட்டு மற்றக் காலையும் பார்த்தார்.

"இந்தக் காலை எடுக்கிறதெண்டுதானே யோசிச்சு வச்சிருந்தனான்" என்றார். "என்ன மருந்து குடுத்தனீங்கள்?"

"ஒண்டும் குடுக்கேல்லை" என்றாள் கோணேஸ்வரி.

"நாட்டு வைத்தியம் எண்டு பரியாரியிட்டப் போனனீங்களோ? நான் கோவிக்கமாட்டன், சொல்லுங்கோ."

"ஒண்டுமே குடுக்கேல்லை, டொக்டர்" என்றாள் மறுபடி. டொக்டர் இப்போது சோமசேகரத்தின் வயிற்றைப் பார்த்தார். வயிறு அங்கே இல்லை. கதை விளங்கிவிட்டது.

"அப்ப அதையே தொடர்ந்து குடுங்கோ" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மா, சலரோக வருத்தம் போகேல்லை, பதுங்கி இருக்குது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் அதுவும் திரும்பி வரும். அடுத்த முறை கால் மிஞ்சாது."

வீட்டில் மறுநாள் மத்தியானம் கூப்பன் அரிசி வந்தது. கோணேஸ்வரி சோறாக்கி, பாரைமீன் குழம்பு வைத்து, கீரையைக் குவித்து, சோற்றைக் கைப்பிடியளவு மட்டும் வைத்தாள். சோமசேகரம் அதைக் கண் மூடி முழிப்பதற்குள் முடித்தார். குழம்பு நல்ல குழம்பு. இங்கே வாசலில் நின்று பார்க்கப் பிள்ளை எதுவும் இல்லை. மனுசனின் கண் சோற்றுப் பானையில் போய் நின்றது.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

அவளுடைய கை தன்பாட்டில் அகப்பையை எடுத்துவிட்டது. அத்தனை வருசப் பழக்கம். அகப்பை பானைக்குள் இறங்கவும் பென்சிலால் இழுத்த அந்தக் கோடு கண்ணில் வந்தது. அகப்பையைப் போட்டுவிட்டு, பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

"கோணேஸ்!"

கதிரை பின்னுக்குத் தள்ளுப்படும் சத்தம் கேட்டது. பிறகு சீமெந்து நிலத்தில் வெறுங்கால் நடந்து வருகிற சத்தம். தடி இல்லை, சுவரைப் பிடிக்கவில்லை. குசினி வாசலில் எச்சில் கையோடு வந்து நின்றார்.

"ஒரே ஒரு அகப்பை."

கோணேஸ்வரி சுடும் பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏலாது" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் அவள் சொல்லியே இராத சொல் அது. சோமசேகரம் அவளை முறைத்துப் பார்த்தார். முணுமுணுத்தார். பிறகு விறுக்கென்று திரும்பிக் கோபத்தோடு நடந்தார். வலது, இடது, வலது, இடது என்று அந்தக் கோபம் கூடத்தைத் தாண்டி முன் விறாந்தை வரைக்கும் போய் முடிகிற மட்டும், கண்ணீர் பானைக்குள் விழ விழ, கோணேஸ்வரி நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.