தண்ணீர் பட்ட பிளாக்

அப்பாவின் வாயை மூடிக் கட்ட ஒரு கைக்குட்டை போதவில்லை. உயிரோடு இருந்தபோதே அதை யாராலும் மூட முடிந்ததில்லை. மகள் அலமாரியில் தேடி இன்னொன்றை எடுத்துவந்தாள். அம்மா இரண்டையும் முடிச்சுப் போட்டு, தாடைக்குக் கீழே கொடுத்து உச்சியில் கட்டினாள். இரண்டின் ஓரத்திலும் ஒரே ஊதாக் கோடு. மூன்றாக வாங்கியவை. மூன்றாவது நான்கு வருடங்களுக்கு முன் காணாமல் போனது. அதற்காக வீட்டில் எல்லோரையும், ஒருமுறை பால்காரரையும்கூட, அப்பா விசாரித்திருந்தார். வீட்டுக்குள் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்றுதான் பெயர்.

அவருடைய பெரிய வழக்கு டிராக்டர். அதே வருடம் அவரும் சித்தப்பாவும் சேர்ந்து இன்ஜினைப் பிரித்து மாட்டினார்கள். மாட்டிய வாரமே ஆயில் ஏறாமல் அது இறுகி நின்றது. தனிப் பட்டறை போடும் யோசனையில் இருந்த சித்தப்பாதான் வேண்டுமென்றே உள்ளே எதையோ அடைத்துவிட்டார் என்று அப்பா தீர்ப்பு சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. ஆதாரம் கலையக்கூடாதென்று இன்ஜினைத் திறக்காமல் தார்ப்பாய் போட்டு வைத்தார். ஆதாரத்தின் மேல் கோழி முட்டையிட்டு வந்தது.

வாடகை டிராக்டர்காரர் இந்த வருடம் வர முடியாது என்ற பிறகுதான் மனமில்லாமல் பிரித்தார். இன்று காலை, கொட்டகையில் இன்ஜினின் இரும்புக் கூடான வெறும் பிளாக்கைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர் அதன் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். இதயம் என்றார் டாக்டர். அது ஒன்றின் மேல் மட்டும் அப்பாவுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

மதியம் சித்தப்பா வந்தார். யாரும் வா என்று சொல்லவில்லை. அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுக்கவில்லை. அவர் நின்றபடியே அண்ணன் முகத்தைப் பார்த்தார். பிறகு நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்தார்.

"பிளாக்கு கழுவிட்டு இருந்தாரா?"

பதிலுக்குக் காத்திராமல் கொட்டகைக்குப் போனார். மகளுக்குச் சுருக்கென்றது. அழ வந்தவருக்கு ஆதாரத்திடம் என்ன வேலை? பின்னாலேயே போனாள்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிளாக் முன் குந்தியிருந்தார்.

"இன்னைக்கே செய்யணுமா சித்தப்பா?"

"தண்ணி பட்ட பிளாக்கும்மா. இப்ப ஆயில் தடவலன்னா சாயங்காலத்துக்குள்ள துரு பூத்துரும். இங்க பாரு."

சிலிண்டரின் உட்சுவரில் பழுப்பாகப் படர ஆரம்பித்திருந்தது. நியாயமான காரணம்தான். நியாயமான காரணம் சொல்பவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பார் அப்பா.

"செய்ங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

"நில்லு. அண்ணன் இருந்தாலும் இப்படித்தான் நின்னிருப்பாரு."

ஆயில் ஓடும் துளையில் தண்ணீர் தங்கியிருக்கும் என்று அதன் கோடியில் இருந்த திருகுமூடிக்கு நீளமான ஸ்பேனரைத் தேடி எடுத்தார். வைத்து அழுத்தியவர் முன்னால் விழப் பார்த்தார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு விரலால் திருகினார். மூடி சுற்றிக்கொண்டு வந்தது.

"கையாலயே வருது."

"ஏன், வரக்கூடாதா?"

"பழசு. இறுகிக் கிடக்கணும். அடிச்சுத்தான் எடுக்கணும்."

"அப்ப யாரோ தொறந்திருக்காங்க."

அவர் மூடியைக் கீழே வைத்தார். காலையில் கொட்டகையில் இருந்தது ஒரே ஆள்.

கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். கறுப்பாக, சுருட்டிய துணி ஒன்று வந்தது. டீசலில் அலசினார். கிழிந்த பாதிக் கைக்குட்டை. ஓரத்தில் ஊதாக் கோடு தெரிந்தது.

"தூசி போகாம இருக்க ஓட்டைக்குத் துணி வெப்போம். மாட்டும்போது எடுத்துரணும்," என்றார். துணியைப் பிழிந்தபடி, "அன்னைக்கு இந்தப் பக்கம் மூடினது அண்ணன்."

மகள் அந்தக் கோட்டையே பார்த்தாள்.

"காலையில போன் பண்ணாரு. பேரப் பாத்துட்டு, திட்டத்தான்னு நான் எடுக்கல," என்றார் அவர். "எதுக்குப் பண்ணாரோ."

அப்பா காலையில் இதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளி மூடியிருக்கிறார். மறைக்கவா, இல்லை, தம்பியை வரவழைத்து அவன் கையாலேயே எடுக்க வைக்கவா? இரண்டுமே அப்பா செய்யக்கூடியவை. அவர் வளர்த்த பிள்ளை அவரையே விசாரித்துக்கொண்டு நின்றாள். சாட்சி உள்ளே வாய் கட்டிப் படுத்திருந்தது.

கொட்டகை வாசலில் அம்மாவோடு பிறந்த மாமா தலை நீட்டினார். "என்னப்பா, எதாவது ஆம்புட்டுச்சா? தேடித்தான வந்த?"

சித்தப்பா கையை மூடிக்கொண்டார். "சேறுதான்."

"அதானே," என்று மாமா திரும்பிப் போனார்.

"குடுங்க சித்தப்பா."

"வேணாம்மா. நாலு பேர் வந்திருக்காங்க. போன மனுசனப் போயி..."

"குடுங்க."

துணியை அவள் வாங்கிக்கொண்டதும் அவர் உள்ளங்கையில் ஆயிலை ஊற்றி, வெறுங்கையாலேயே சிலிண்டருக்குள் தடவத் தொடங்கினார். தோள் குலுங்கியது. தேய்க்கும்போது குலுங்கத்தான் செய்யும் என்று அவள் வந்துவிட்டாள்.

அப்பாவுக்குப் புதிதாய்ப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் பையில் கைக்குட்டையை வைத்து, ஊதாக் கோடு வெளியே தெரியும்படி இழுத்துவிட்டாள். மாமா ஏதோ கேட்க வாயெடுத்து, சட்டைப் பையைப் பார்த்து, தாடைக் கட்டைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் ஆயில் மெதுவாக இறங்கியது. யாரும் துடைக்கவில்லை.

சித்தப்பா வந்து வாசல் நிலைக்கு வெளியிலேயே நின்றார். கையைக் கழுவியும் கறுப்பு போகவில்லை.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.